லேப்டாப்புக்கு ஒரு வயர்லெஸ் மவுஸ்: சில வருஷம் உருட்டிய அனுபவத்தில் சொல்வது

பெட்டிமேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டிபிஐ எண்ணைப் பார்த்து மவுஸ் வாங்குபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அலுவலக வேலைக்கு 1000 டிபிஐ தாராளம். மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் கர்சர் ஏறத்தாழ ஆயிரம் புள்ளி தள்ளிப் போகும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். 1920 புள்ளி அகலமுள்ள வழக்கமான லேப்டாப் திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கடக்க இரண்டு அங்குலம் கூட வேண்டாம். அதற்கு மேல் போகும் எண்கள் கேம் ஆடுபவர்களுக்கும் பெரிய 4கே மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கும்.

நான் பார்ப்பது கணக்கு வேலை. டாலி என்ற கணக்கு மென்பொருளுக்கு மவுஸே வேண்டாம், பழகிய கை கீபோர்டிலேயே ஓட்டிவிடும். ஆனால் எக்செல்லும் ஜிஎஸ்டி தளமும் அப்படி விடாது. மாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது 2பி அறிக்கையை, அதாவது நமக்கு விற்றவர்கள் பதிந்த பில்களின் பட்டியலை, ஒரு பக்கமும் கொள்முதல் பதிவை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒத்துப் பார்க்க வேண்டும், அதை டச்பேடில் செய்து பாருங்கள், அரை மணி நேரத்தில் ஆள்காட்டி விரல் மரத்துவிடும். அதனால் வீட்டில் ஒன்று, பையில் ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று பல விதமான மவுஸ்கள் கையில் புழங்கியிருக்கின்றன. இங்கே எழுதுவதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

கடையில் யாரும் கேட்காத கேள்வி மவுஸின் உயரம். லாஜிடெக் எம்185 மாதிரி சின்ன மவுஸ் கூட நாலு சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் உயரம் இருக்கும், உள்ளங்கை அதன் முதுகில் சாய்ந்துகொள்ளும். அதே நிறுவனத்தின் பெபிள் எம்350 மூன்று சென்டிமீட்டர் கூட வராது, பையில் லேப்டாப்போடு சேர்த்துச் செருகுவதற்கென்றே செய்தது. இரண்டும் நல்ல மவுஸ்தான், வேலை வேறு. தட்டையான மவுஸில் உள்ளங்கைக்கு ஆதாரம் இல்லாததால் விரல் நுனியில் பிடிக்க வேண்டியிருக்கிறது, மணிக்கட்டு மேஜையில் அழுந்துகிறது. ரயிலிலோ காபிக் கடையிலோ ஒரு மணி நேரம் என்றால் ஒன்றும் தெரியாது. நாள் முழுக்க என்றால் சாயங்காலம் கட்டைவிரல் அடிப்பக்கம் சொல்லிவிடும். கை பெரியவர்கள் எம்331 போல வலது கைக்கு வளைத்துச் செய்ததைப் பிடித்துப் பாருங்கள், அல்லது சிக்னேச்சர் எம்650, அது சாதாரண அளவிலும் பெரிய அளவிலும் தனித்தனியாக வருகிறது, பெரியதில் இடதுகைக்காரர்களுக்கும் ஒன்று உண்டு. இடதுகைக்காரர்களை நினைத்துப் பார்க்கிற கம்பெனிகள் குறைவு, பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மவுஸை வாங்கி செட்டிங்கில் பட்டனை மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள்.

அப்புறம் டாங்கிளா (யூஎஸ்பி ஓட்டையில் செருகும் குட்டி ரிசீவர்) ப்ளூடூத்தா என்ற வழக்கு. எளிமைதான் முக்கியம் என்றால் என் ஓட்டு டாங்கிளுக்கு. செருகினால் ஐந்து விநாடியில் வேலை செய்யும், பாஸ்வேர்ட் கேட்காது, பெயர் கேட்காது, யாருடைய லேப்டாப்பில் செருகினாலும் அதே கதை. ப்ளூடூத் மவுஸ் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடும், திரும்பத் தொட்டால் விழிக்க ஓரிரு விநாடி எடுக்கும். அந்த ஓரிரு விநாடியில் எரிச்சல் படாதவர் யாரும் எனக்குத் தெரியாது. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஒரு தடவை ப்ளூடூத்தே காணாமல் போய், டச்பேடை வைத்துக்கொண்டு டிரைவர் தேடினேன்.

ஆனால் ப்ளூடூத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் டைப்-சி ஓட்டை மட்டும்தான், அதில் பழைய டாங்கிளைச் செருக ஒரு அடாப்டர், அடாப்டர் நீட்டிக்கொண்டு நிற்கும், பையில் வைக்கும்போது எதிலாவது இடிக்கும். சாதாரண யூஎஸ்பி இரண்டு இருந்தாலும் ஒன்றில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், இன்னொன்றில் பென் டிரைவ், மவுஸுக்கு இடம் எங்கே? இப்படிப்பட்டவர்கள் இரண்டு வழியும் உள்ள மவுஸாகப் பார்த்து வாங்குவது நல்லது. நான் சொன்ன எம்350 அப்படித்தான் வந்தது. வீட்டு லேப்டாப்பில் டாங்கிள், ஆபீஸ் லேப்டாப்பில் ப்ளூடூத், ஒரு பட்டனை அழுத்தினால் மாறிவிடும்.

டாங்கிள் விஷயத்தில் ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒரு கோளாறு உண்டு, கர்சர் திக்கித் திக்கி நகர்வது. பேட்டரி புதிது, மவுஸும் புதிது, ஆனாலும் கர்சர் நொண்டும். ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் பேக்கப் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நடந்தது. காரணம் பக்கத்து ஓட்டையில் செருகியிருந்த ஹார்டு டிஸ்க். யூஎஸ்பி 3.0 வேகத்தில் தகவல் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ இரைச்சல் கிளம்புகிறது, மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில். இன்டெல் 2012இலேயே இதைப் பற்றி ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை லேப்டாப்பின் மறுபக்கத்துக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. மறுபக்கம் ஓட்டை இல்லையென்றால் ஒரு சாண் நீள எக்ஸ்டென்ஷன் வயர் போதும். மவுஸைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும் முன் இதைச் செய்து பாருங்கள்.

பேட்டரிக்கு வருகிறேன். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் அதே டபுள் ஏ பேட்டரி ஒன்று போடுகிற மவுஸ்தான் வீட்டுக்கு உகந்தது. எம்185க்கு 12 மாதம், எம்331க்கு 24 மாதம் என்று கம்பெனி சொல்கிறது. என் உபயோகத்துக்கு அவ்வளவு வராது, வராவிட்டாலும் கவலையில்லை, தெருமுனைப் பெட்டிக்கடையில் கிடைக்கிற பொருள். உள்ளேயே சார்ஜ் ஏறும் மவுஸ் ஒன்று, பெயர் வேண்டாம், மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். முதல் வருஷம் பிரமாதம். அப்புறம் காலையில் முழு சார்ஜ் போட்டால் மத்தியானம் சிவப்பு விளக்கு. அந்த பேட்டரியைக் கழற்ற மூடி கிடையாது, அடிப்பாதத்தில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டையைப் பிய்த்தால்தான் திருகாணியே தெரியும். வேலை செய்கிற மவுஸ், பேட்டரி ஒன்றுக்காகக் குப்பைக்குப் போனது. சார்ஜ் மவுஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள், சார்ஜ் ஏறும்போது உபயோகிக்க முடியுமா என்று. ஆப்பிளின் மேஜிக் மவுஸில் 2015 முதல் சார்ஜ் ஓட்டை அடிவயிற்றில்தான் இருக்கிறது. வயர் செருகினால் அது மல்லாந்து கிடக்கும்.

மலிவு விலை பேட்டரி போட்டு மாசக்கணக்கில் தொடாமல் வைத்தால் உப்புப் பூத்துக் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கழற்றி வையுங்கள். அடியில் ஆன் ஆஃப் சுவிட்ச் இருப்பதாகவே வாங்குங்கள், பையில் ஆடும்போது அதுபாட்டுக்கு விழித்துக்கொண்டே வராது.

சத்தம் வராத கிளிக் என்பது வெறும் விளம்பரம் என்று நினைத்திருந்தவர்களில் நானும் ஒருவன், ராத்திரி குழந்தை தூங்கும் அறையில் வேலை பார்க்கும் வரை. எம்331 கிளிக் ஆவது விரலுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. ஸ்க்ரோல் உருளும் சத்தம் கூட அடங்கியே இருக்கிறது. பழகிய பிறகு சாதாரண மவுஸ் டக் டக்கென்று பல்லி கத்துவது போல இருக்கிறது.

வயசான மவுஸ் முதலில் காட்டும் நோய் இரட்டை கிளிக். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதியும். உள்ளே இருக்கும் சின்ன உலோகத் தகடு தேய்ந்தோ கறுத்தோ ஒழுங்காகத் தொடாமல் துள்ளுவதால் வருவது. எக்செல்லில் பத்து வரி இழுத்துத் தேர்வு செய்துகொண்டே வரும்போது ஏழாவது வரியில் பிடி நழுவும், ஒரு ஃபைலை இழுத்து வேறு ஃபோல்டருக்குக் கொண்டுபோனால் நடுவழியில் ஏதோ ஒரு ஃபோல்டரில் விழுந்துவிடும். இப்படி ஆரம்பித்தால் வாரண்டி பில்லைத் தேடுங்கள். ஸ்க்ரோல் கீழே உருட்டும்போது மேலே குதித்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தூசி, தலைமுடி. சக்கரத்தின் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தால் முடி சுற்றியிருப்பது கண்ணுக்கே தெரியும், ட்வீசரால் இழுத்தால் வந்துவிடும்.

சென்னைக்காரர்களுக்கு, கடலோர ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பக்கவாட்டில் மெத்தென்று ரப்பர் பூச்சு பூசிய மவுஸைத் தொட்டுப் பார்க்கும்போது சுகமாக இருக்கும். இங்கத்திய ஈரத்துக்கும் வேர்வைக்கும் அந்தப் பூச்சு இளகிப் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது, மவுஸைத் தூக்கினால் விரலில் கறுப்பு ஒட்டும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் அழகில் குறைவு, ஆனால் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கண்ணாடி மேஜையில் எந்தச் சாதாரண மவுஸும் ஓடாது. அடியில் இருக்கும் சென்சார் விநாடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் நகர்வைக் கண்டுபிடிக்கிறது, கண்ணாடியில் அதற்குப் பிடிமானமே கிடைக்காது. லாஜிடெக்கின் எம்எக்ஸ் வகையில் இருக்கும் டார்க்ஃபீல்டு சென்சார் 4 மில்லிமீட்டருக்குக் குறையாத கண்ணாடியிலும் ஓடும், அதன் விலையில் பாதிக்கும் குறைவான காசில் மேஜையே வாங்கலாம். பளபளக்கும் வெள்ளை சன்மைக்காவிலும் சில மவுஸ் தடுமாறும். ஒரு பழைய நோட்டு அட்டை வைத்தால் தீர்ந்தது.

அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தபோது நான் மவுஸில் செலவழித்த நேரத்தைவிட செட்டிங்கில் செலவழித்த நேரம் அதிகம். விண்டோஸில் கர்சரைப் பெரிதாக்கினேன், வேகத்தைக் குறைத்தேன், ஃபோல்டர் ஆப்ஷனில் போய் ஒரே கிளிக்கில் திறக்கும்படி மாற்றினேன். பெரியவர்களுக்கு இரண்டு கிளிக்குக்கு நடுவில் கை லேசாக நகர்ந்துவிடும், அதனால்தான் திறக்க வேண்டிய ஃபைல் பெயர் மாற்றும் கட்டத்தில் போய் நிற்கிறது. பக்கவாட்டில் பின்னே முன்னே போகும் பட்டன் உள்ள மவுஸ் அவருக்கு வேண்டவே வேண்டாம். ரயில் டிக்கெட் பதிவு பாதியில் இருக்கும்போது கட்டைவிரல் பட்டு முந்தைய பக்கத்துக்குப் போய், ஆள் பெயர் வயது எல்லாம் மறுபடி அடித்தார்.

ஆக, ஆயிரம் ரூபாய்க்குள் என்றால், நாள் முழுக்க ஒரே மேஜையில் உட்காருபவருக்கு டாங்கிள், டபுள் ஏ, கையளவு உயரம், சத்தமில்லா கிளிக். ஊர் சுற்றுபவருக்குத் தட்டையாக, ப்ளூடூத்தும் சேர்ந்தது. ஆன்லைனில் ஐம்பது நூறு குறையலாம், இருந்தாலும் முதல் மவுஸை சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெரு மாதிரி இடத்தில் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். உருட்டிப் பாருங்கள், பேட்டரி மூடியைக் கழற்றிப் பாருங்கள், டாங்கிளை வைக்க உள்ளே பொந்து இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு மாசத்துக்குள் தொலைந்துவிடும். பில்லை அன்றைக்கே மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் கொடுக்கும் தெர்மல் பேப்பரில் எழுத்து வாரண்டி முடிவதற்குள் மங்கிவிடும்.