கல்யாணப் பரிசுப் பட்டியல்: கடைக்கு ஒன்றா, எல்லாவற்றுக்கும் ஒன்றா?

அமெரிக்காவில் கல்யாண ஜோடி தங்களுக்கு வேண்டிய பொருள்களைக் கடையின் தளத்தில் பட்டியல் போட்டு வைப்பார்கள், விருந்தினர் அதிலிருந்து பரிசு வாங்கித் தருவார்கள். கல்யாணம் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது: டார்கெட், கிரேட் அண்ட் பேரல், அமேசான் என்று தனித்தனிப் பட்டியல் போடுவதா, இல்லை சோலா, மைரெஜிஸ்ட்ரி மாதிரி இணையதளம் ஒன்றில், ஒரே இடத்தில் எல்லாக் கடைப் பொருளையும் சேர்ப்பதா?

விருந்தினருக்கு எது சுலபம்?
தனித்தனி: மூன்று இணைப்பு அனுப்ப வேண்டும்.
ஒரே பட்டியல்: ஒன்று போதும்.

ஒரே பொருள் இரண்டு முறை வருமா?
தனித்தனி: ஒரு பொருளை ஒரு கடையில் மட்டும் வைத்தால் பயமில்லை, வாங்கியதும் கடையே கழித்துவிடும்.
ஒரே பட்டியல்: இங்கேதான் கவனம் தேவை. அந்தத் தளத்துக்கு வெளியே இருக்கும் கடையில் பொருளை வாங்கியவர் பட்டியலுக்குத் திரும்பி வந்து ‘வாங்கிவிட்டேன்’ என்று குறிக்க வேண்டும், பெரியவர்கள் பலர் இதை மறந்துவிடுவார்கள், அப்புறம் இரண்டு மிக்சி வந்து நிற்கும்.

திருப்பிக் கொடுப்பது, தள்ளுபடி?
தனித்தனி: கடைக்கே நேராகப் போய் மாற்றலாம். மிச்சப் பொருளை நாமே வாங்க, கல்யாணத்துக்குப் பிறகு பல கடைகள் தள்ளுபடியும் தருகின்றன.
ஒரே பட்டியல்: வெளிக்கடைப் பொருளுக்கு அந்தந்தக் கடையின் விதிதான்.

கடையே மூடிவிட்டால்? 2023-ல் பெட் பாத் அண்ட் பியாண்ட் என்ற வீட்டுச் சாமான் கடை திவாலானது நினைவிருக்கும். ஒரே கடையை நம்பாதீர்கள்.

என் கருத்து: சமையல் சாமான்தான் அதிகம் வேண்டும், உறவினரில் வயதானவர்கள் நிறைய என்றால் இரண்டு கடை, இரண்டு பட்டியல், அதற்கு மேல் வேண்டாம். தேனிலவுக்குப் பணமும் சேர்க்க வேண்டும், சின்னக் கடைப் பொருளும் வேண்டும் என்றால் ஒரே பட்டியல்தான் சரி.