பைண்டிங்கை முடிவு செய்துவிட்டு பிரிண்ட் கொடுங்கள்: தஞ்சை, கும்பகோணம் பக்கம் புத்தகம் கட்டுகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் ஒரு பென்டிரைவும் வருகிறது. திருக்கடையூரில் அப்பாவுக்குச் சதாபிஷேகம் என்றால் அதற்கு ஒரு மலர், பாட்டியின் சமையல் குறிப்புகள், குலதெய்வக் கோயில் வரலாறு, நாலு தலைமுறை வம்சாவளி. இதையெல்லாம் புத்தகமாக்க டெல்டாவில் நல்ல கைகள் இருக்கின்றன. தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் இருப்பதால் ஆய்வேடு கட்டிப் பழகிய பைண்டர்கள் கிடைப்பார்கள். கும்பகோணம், மயிலாடுதுறையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகங்களே சின்னப் புத்தகத்தைச் சுத்தமாக முடித்துத் தருகின்றன. கோளாறு பெரும்பாலும் நம் பக்கத்தில்தான். ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துவிட்டு, அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் "நல்லா பைண்ட் பண்ணிக் கொடுங்கண்ணே" என்று நின்றால், நல்ல பைண்டிங்குக்கான வழி அப்போதே பாதி அடைபட்டுப் போயிருக்கும்.

விழாவுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற மலருக்கு சென்டர் பின் போதும், அதாவது தாள்களை நடுவில் மடித்து அந்த மடிப்பிலேயே பின் அடிப்பது. பக்கங்கள் நாலால் வகுபட வேண்டும். 22 பக்கம் வந்தால் ஒரு பழைய போட்டோவைச் சேர்த்து 24 ஆக்கிவிடுங்கள். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) தாளில் 64 பக்கத்தைத் தாண்டினால் மடிப்பு உப்பி நடுத்தாள்கள் வெளியே நீட்டும். கட்டிங் மெஷினில் அதைச் சமமாக வெட்டும்போது நடுப்பக்கங்களின் ஓரம் குறையும், ஓரத்தில் பக்க எண் இருந்தால் அதுவும் போய்விடும். அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் எடுத்து, மடிக்குமுன் கிரீசிங் (மடிப்புக் கோட்டை அழுத்திப் பள்ளமாக்குவது) போடச் சொல்லுங்கள். லேசர் பிரிண்டில் மெரூன், கரும்பச்சை போன்ற அடர்நிறம் மடிப்பின் மேல் வந்தால் டோனர் உதிர்ந்து வெள்ளைக்கோடு விழும். மேலே மேட் லேமினேஷன் போட்டால் பெரும்பாலும் தப்பும்.

ஸ்பைரல், சமையலறையில் விரித்து வைக்கிற குறிப்புக்கு நல்லது. தாள்கட்டின் கனத்தைவிடச் சுருள் 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருக்க வேண்டும். 80 ஜிஎஸ்எம்மில் 100 தாள் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் கனம். பெட்டியில் வைத்துக் கொண்டுபோவதானால் பிளாஸ்டிக் சுருளே கேளுங்கள். வைரோ என்கிற உலோகக் கம்பி வளையம் ஒருமுறை நசுங்கினால் நிமிராது, பக்கமும் திரும்பாது.

வம்சாவளி, கோயில் வரலாறு போல நூறு பக்கத்துக்கு மேல் போகிற, பேரப்பிள்ளைகள் வரைக்கும் இருக்கவேண்டிய புத்தகத்துக்குக் கடையில் முதலில் சொல்வது பெர்ஃபெக்ட் பைண்டிங். தாள்கட்டின் முதுகைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, சூடான பசையில் அட்டையோடு ஒட்டுவது. பார்க்க அழகு, ஒரு மணி நேரத்தில் கையில் வந்துவிடும். ஆனால் அந்தப் பசை சூட்டில் இளகும், குளிரில் விறைத்து உடையும். கனடாவிலோ ஜெர்மனியிலோ குளிர்காலத்தில் அழுத்தி விரித்தால் நடுவில் பிளக்க வாய்ப்பு அதிகம். போட்டோ நன்றாக வரட்டும் என்று வழவழப்பான மேல்பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் அடித்தால் இன்னும் மோசம். பசை மேல்பூச்சோடு நின்றுவிடும், தாளின் நாருக்குள் இறங்காது. வாங்கும்போது நடுவில் விரித்து ஒரு தாளை மெல்ல இழுத்துப் பாருங்கள்.

காலத்துக்கும் நிற்பது நூல் தையல் போட்ட கேஸ் பைண்டிங், அதாவது தைத்த கட்டைக் கெட்டி அட்டைக்குள் ஒட்டுவது. அதற்குப் பிரிண்ட் எடுக்கிற முறையே வேறு. நாலு தாளை ஒன்றாக மடித்தால் 16 பக்கம், அச்சகத்தில் அதை ஒரு ஃபாரம் என்பார்கள். ஏ4 தாளை மடித்தால் ஏ5 புத்தகம். ஏ4 அளவிலேயே வேண்டுமென்றால் ஏ3 தாளில் அடிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் புக்லெட் என்று கொடுத்தால் 200 பக்கத்தையும் ஒரே மடிப்பாக அடுக்கிவிடும். அதனால் 1 முதல் 16, 17 முதல் 32 என்று தனித்தனியாகக் கொடுங்கள். பைண்டர் ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்பிலும் துளை போட்டு, உள்ளே நுழைந்து வெளியே வருகிற நூலால் முந்தைய ஃபாரத்தோடு கோத்துக் கட்டுவார். முடிந்த புத்தகத்தில் 16 பக்கத்துக்கு ஒருமுறை மடிப்பின் நடுவில் நூல் தெரிய வேண்டும். அது தெரியாமல், முதுகிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே எல்லாத் தாளையும் சேர்த்துக் குத்தியிருந்தால் அது சைடு தையல். தனித்தாளாக அடித்துவிட்டால் தையலில் கிடைப்பது இதுதான். உறுதியில் குறையில்லை, ஆனால் புத்தகம் படிந்து விரியாது. ஆகவே சைடு தையலுக்கு உள்பக்க ஓரம் 3 சென்டிமீட்டர் விடுங்கள், ஃபாரம் தையலுக்கு 2 போதும்.

மேலட்டைக்குத் தோல் போன்ற ரெக்ஸின், பைண்டிங் துணியான காலிகோ இரண்டும் கிடைக்கும். ரெக்ஸின் பளபளப்பு சில வருஷத்தில் உரியத் தொடங்கும். காலிகோவே என் தேர்வு. மைதா பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கிறார்களா என்று கேளுங்கள், பூச்சி அண்டாமல் இருக்க அதுதான் பழைய வழி. இந்தப் பசை காய நேரம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு மடங்கு நாள் பிடிக்கும். அவசரப்படுத்தி வாங்கினால் அட்டை வளையும், பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தால் பூஞ்சைப் புள்ளி வரும். அட்டையின் உள்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள்: சில்லென்று இருந்தால் ஈரம் போகவில்லை, இன்னும் ஓர் இரவு பைண்டரின் அழுத்துகிற பிரஸ்ஸில் கிடக்கட்டும். மார்கழிக் கடைசியில் வருகிறவர்கள் இறங்கிய மறுநாளே கொடுத்துவிடுவது நல்லது. பொங்கல் வாரம் கடை இருக்காது, பொங்கல் முடிந்தால் தை மாதக் கல்யாணப் பத்திரிகை வேலை குவியும்.

ஃபைலை பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவாருங்கள். பாமினி என்கிற பழைய தமிழ் ஃபான்டில் அடித்த வேர்டு ஃபைல், அந்த ஃபான்ட் இல்லாத கடையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடு என்றாலும் ஃபான்ட் மாறினால் பக்கம் நகர்ந்து பொருளடக்கம் பொய்யாகிவிடும்.

பெட்டி எடையை முன்பே கணக்குப் போடலாம். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். ஏ5 அளவில் 24 பக்க மலர் அட்டையோடு 45 கிராம் சுமார், நூறு பிரதி என்றால் நாலரைக் கிலோ.

தாத்தாவின் கைப்பட எழுதிய நோட்டு இருந்தால் அதை பைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். ஓரம் சமமாக்க மெஷினில் வைத்து வெட்டினால் விளிம்பில் எழுதிய வரிகள் போய்விடும். ஸ்கேன் எடுத்து அந்தப் பிரதியைக் கட்டிக்கொள்ளலாம். பத்திரம், பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் அசல்களுக்கும் அதே விதி: துளை வேண்டாம், லேமினேஷனும் வேண்டாம். வெளிநாட்டு உபயோகத்துக்கு அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்ற அரசுச் சான்று) வாங்கும்போது லேமினேட் செய்த தாளில் ஸ்டிக்கரும் முத்திரையும் பிடிக்காது. ஏற்கெனவே முத்திரையிட்டு பின் அடித்துத் தந்த கட்டாக இருந்தால், ஜெராக்ஸ் எடுக்கிறவர் அந்தப் பின்னைக் கழற்றாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.