தைராய்டு மாத்திரை: விடியற்காலையா, படுக்கும் நேரமா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு ஐந்து மணிக்குப் பால் வந்துவிடும். ஐந்தரைக்குள் அத்தை காப்பி கலந்துவிடுவார்கள். "காப்பி ஆறிரும்லா, முதல்ல குடி" என்று டவராவை நீட்டுகிறவர்களிடம் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. தைராய்டு சுரப்புக் குறைவுக்கான தைராக்ஸின் மாத்திரையை விழுங்கிய பத்தாவது நிமிடமே காப்பியும் உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்த பிறகு, மருத்துவரைக் கேட்டு, சென்ற ஆண்டு மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொண்டேன்.

விலையிலோ அளவிலோ வேறுபாடு ஏதுமில்லை. விழுங்கியதில் எவ்வளவு இரத்தத்தில் சேர்கிறது என்பதே கேள்வி. இம்மாத்திரை இரைப்பையின் அமிலத்தில் கரைந்து, சிறுகுடலில் உறிஞ்சப்பட வேண்டும். உட்கொண்டதில் 40 முதல் 80 விழுக்காடு வரையே அவ்வாறு சேர்கிறது. வயிறு காலியாக இருந்தால் அந்த அளவு கூடும். உணவோ காப்பியோ உடன் சேர்ந்தால் குறையும். மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கப்படும் மருந்தாகையால், சிறு குறைவும் டி.எஸ்.எச். அளவில், அதாவது தைராய்டு சுரப்பு போதாதபோது இரத்தத்தில் உயரும் தூண்டுசுரப்பின் அளவில், தெரிந்துவிடுகிறது. எனக்கு அது எட்டுக்குக் கீழே இறங்காததால், 75 மைக்ரோகிராமை நூறாகக் கூட்டலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. குறை மாத்திரையின் அளவில் இல்லை, காப்பிக்கு முன் நான் விடாத இடைவெளியில் இருந்தது.

இரவில் அந்த இடைவெளி தானாகவே அமைகிறது. ஏழரைக்கு இட்லியோ தோசையோ முடிந்துவிடும். பத்தரைக்கு, தலைமாட்டுச் செம்பிலிருக்கும் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிப் படுத்துவிடுவேன். உணவுக்குப் பின் மூன்று மணி நேரம் கடந்திருக்கும். மறுநாள் காப்பிக்கு முன் இரவு முழுவதும் இருக்கிறது. மாற்றியபின் பார்த்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 3.4 என்று வந்தது, அதே 75 மைக்ரோகிராமில். நெதர்லாந்தில் 90 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்விலும் படுக்கும் நேரத்தில் உட்கொண்டபோது டி.எஸ்.எச். குறைந்தது; ஆனால் அவர்கள் உணர்ந்த உடல்நலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எழுந்தவுடன் விழுங்கினால் மறதி நேராது என்பது காலைக்கு உள்ள பலம். கடையடைத்துவிட்டுப் பத்து மணிக்குப் புரோட்டா சாப்பிடும் வழக்கமுள்ளவர்களுக்குக் காலைதான் பொருந்தும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டுமென்பதால், இரவில் எடுத்துவந்த கால்சியத்தை நான் மதியச் சாப்பாட்டுக்கு நகர்த்தினேன். என் அனுபவம் ஓராண்டு மட்டுமே. கருவுற்றிருப்பவர்கள் இதைக் கொண்டு முடிவெடுக்க வேண்டாம். இம்மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், யார் நேரத்தை மாற்றினாலும் ஆறு வாரம் கழித்தே டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.