திருநெல்வேலி டவுனில் பழைய புத்தகம் பைண்டிங் செய்ய ஒரு கடை

நெல்லையப்பர் கோயில் ரத வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், போர்டுகூட இல்லாத பைண்டிங் கடை. பில் புக்கும் காலேஜ் புராஜெக்டும்தான் அவர்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனாலும் பழைய புத்தகத்தைக் கொண்டுபோனால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

நான் கொடுத்தது அப்பா வைத்திருந்த பாரதி கடிதத் தொகுப்பு. ராமபாணப் பூச்சி முதுகைத் தின்று தீர்த்திருந்தது. ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்துச் சேர்த்த தாள் கட்டுகளாக, கழன்று வந்தது. முன்பு வேறொரு கடையில் இன்னொரு புத்தகத்தைக் கொடுத்தபோது, அப்பா ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததையெல்லாம் மெஷினில் நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். இங்கே தம்பி முதலில் கேட்டதே, "யக்கா, ஓரத்துல எழுத்து இருக்கு. வெட்டுனா போயிரும், அப்படியே விட்டுரட்டுமா?" என்றுதான். அதற்கே பாதி மார்க் கொடுத்துவிட்டேன்.

1915 ஜூலையில் புதுச்சேரியிலிருந்து பரலி சு. நெல்லையப்பருக்குப் பாரதி ஒரு கடிதம் எழுதினாரே, தம்பி தம்பி என்று உருகி, அதன் பக்கத்தில் அப்பா குறித்திருக்கிறார்: "1917-ல் கண்ணன் பாட்டை அச்சில் கொண்டுவந்தவர் இவரே. தானும் கவி." பாரதி பள்ளிப் பையனாக இருந்தபோது, 1897-ல், படிப்புக்கு உதவி கேட்டு எட்டயபுரம் அரண்மனைக்கு எழுதிய பாட்டு விண்ணப்பத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. கடையத்தில் இருந்த காலத்தில், 1919-ல், அதே அரண்மனைக்கு அனுப்பிய சீட்டுக்கவிக்கும் (பாட்டாக எழுதிய கடிதம்) அதே குறி, பக்கத்தில் "22 வருஷம்" என்று மட்டும். அப்பா பேச்சிலும் இப்படித்தான், சிக்கனம்.

வேலை சுத்தம். வெறும் பசை ஒட்டு இல்லை, நூல் தையல். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுகிறார்கள், பூச்சி அண்டாது. கிழிசலுக்கு ஒட்டிய மெல்லிய தாளுக்கு அடியில் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. மேஜையில் விரித்து வைத்தால் புத்தகம் தானாக மூடிக்கொள்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

குறை என்றால், காலிகோ துணி முதுகில் பொன்னெழுத்தில் 'கடிதஙகள்'. புள்ளி எங்கே என்று கேட்டேன். "அந்த அச்சு ஒண்ணு எங்கயோ விழுந்துட்டுக்கா" என்றார். அப்படியே வாங்கிக்கொண்டேன்.

350 ரூபாய். ஜிபே உண்டு. சொன்ன தேதியை நம்பிப் போகாதீர்கள், போன் போட்டுவிட்டுப் போங்கள். மார்ச், ஏப்ரலில் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம், புராஜெக்ட் பிள்ளைகள் வாசல்வரை நிற்பார்கள்.