பைத்தானின் பிபிரிண்ட்: தரவை உள்ளபடியே காட்டும் கருவி

பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரலில் பிழை தேடும்போது, அடுக்கடுக்கான டிக்ஷனரி (ஒவ்வொரு மதிப்பையும் ஒரு சாவியோடு இணைத்து வைக்கும் தொகுப்பு) ஒன்றைச் சாதாரண பிரிண்ட் கட்டளையால் அச்சிட்டால், எந்த அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்று தெரியாத ஒற்றை நீள வரிதான் திரையில் விழும். மொழியோடு சேர்ந்தே வரும் பிபிரிண்ட் (pprint) தொகுதி, அதே தரவை 80 குறியீடுகளுக்குள் அடங்கும் வரிகளாகப் பிரித்து அடுக்கித் தருகிறது. தமிழ் நூற்பட்டியல் ஒன்றின் பதிவுகளைச் சரிபார்க்க நான் இதையே பயன்படுத்துகிறேன்.

தரவின் வகையை மாற்றாமல் காட்டுவதே இதன் பெரும் பலம். பலர் இந்த வேலைக்கு ஜேசன் (JSON) என்ற தரவுப் பரிமாற்ற உரைவடிவத்தை நாடுகிறார்கள்; அதில் டியூப்பிள் (மாற்ற முடியாத வரிசை) லிஸ்ட்டாகிவிடும் (மாற்றக்கூடிய வரிசை), எண்ணாக இருந்த சாவி சரமாகிவிடும் (எழுத்துத் தொடர்), இடையில் ஒரு செட் (ஒரே மதிப்பு இருமுறை வராத தொகுப்பு) வந்தால் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். சாவியில் 1 என்ற எண்ணையும் '1' என்ற சரத்தையும் குழப்பியதால் வந்த பிழையை அங்கே எப்படிக் கண்டுபிடிப்பது? பிபிரிண்ட் அந்த மேற்கோள்குறியை விடாமல் காட்டுகிறது. தன்னையே உள்ளடக்கிய லிஸ்ட்டைக் கொடுத்தாலும் முடிவின்றிச் சுழலாமல், அந்த இடத்தைக் குறித்துவிட்டு நின்றுகொள்கிறது.

தமிழ் எழுத்துகளை எழுத்துகளாகவே அச்சிடுவதோடு, சொல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் பூஜ்ய அகலக் குறியீட்டை (திரையில் இடமே பிடிக்காத குறி) அதன் குறியெண்ணாக வெளிக்கொணர்வது எனக்கு மிகவும் உதவியது. ஆனால் 'கொற்கை' என்ற சாவி கண்முன்னே இருந்தும் தேடலில் அகப்படாதபோது இது கைகொடுக்கவில்லை. ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம்; பிபிரிண்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தமிழ் எழுத்துகளை இயல்பாகவே எண்களாக்கிவிடும் ஜேசன்தான் அன்று வேறுபாட்டைக் காட்டியது.

குறைகளும் உண்டு. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லை ஐந்தாக எண்ணுவதால், தமிழ்த் தரவில் வரிகள் தேவைக்கு முன்பே மடிகின்றன. சாவி நீளமாக இருந்தால் உள்ளடுக்குகள் வலப்பக்கமாகத் தள்ளப்பட்டு ஒடுங்கிவிடுகின்றன. வரியின் அகலத்தை 80இலிருந்து 120 ஆக்கினால் ஓரளவு சீராகும். சாவிகளை அகரவரிசைப்படுத்தும் இயல்புநிலை, அவை எந்த வரிசையில் சேர்ந்தன என்பதை மறைத்துவிடுவதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. பைத்தான் 3.8 முதல் கிடைக்கும் 'பிபி' (pp) என்ற சுருக்கச் செயற்கூறு சேர்ந்த வரிசையிலேயே அச்சிடுவதால், இப்போது அதையே அழைக்கிறேன்.