மலை வேலைக்குக் கழுதைப் பொதி: நம்பி அழைக்கலாம்

பென்னாகரம் பக்கம் மலைமேல் உள்ள ஓர் ஊரில் வீடு கட்டும் வேலை எடுத்திருந்தேன். லாரி அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதைதான். மணல், செங்கல், சிமெண்ட் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தவர் கழுதைகள் வைத்திருக்கும் ஒரு பெரியவர். மலையில் கட்டடம் கட்டப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் அவருடைய வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு கழுதைக்கு 50 கிலோ. அதற்கு மேல் ஒரு சட்டி மணல்கூட ஏற்ற விடமாட்டார். பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளிலும் கழுதைக்கு அதே அளவுதான் இருக்கிறது. பெரியவர் அதைப் படித்தவர் இல்லை, அவருடைய அப்பா காலத்துக் கணக்கு அது. சிமெண்ட் மூட்டை சரியாக 50 கிலோதான் என்றாலும் அப்படியே முதுகில் போடுவதில்லை. இரண்டு சாக்குகளில் சரிபாதியாகப் பிரித்து இருபுறமும் தொங்கவிடுவார். பிரித்த சிமெண்டை வைத்திருந்தால் ஈரம் இழுத்துக் கெட்டுவிடும். அதனால் மறுநாள் கலவைக்கு எவ்வளவு வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அது நல்ல ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது.

மழை பெய்த மறுநாள் என் ஆட்கள் வழக்கம்போலச் சட்டிக் கணக்கில் மணல் அள்ளிப் போட்டார்கள். "நனைந்த மணலைச் சட்டியால் அளக்காதீர்கள் மேஸ்திரி, தராசில் வையுங்கள்" என்று நிறுத்திவிட்டார். நிறுத்துப் பார்த்தபோது அவர் சொன்னது சரிதான். மாலையில் பொதியை இறக்கியதும் ஒவ்வொரு கழுதையின் முதுகையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். லேசாகத் தோல் உரிந்திருந்தாலும் அதற்கு மறுநாள் விடுப்பு. உச்சிவெயிலில் நடை கிடையாது. கூலியைக் கூட்டித் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னபோதும் அசையவில்லை. இந்தக் கண்டிப்புக்காகவே அவரை நம்பலாம்.

சில நடைகள் போய் வந்த பிறகு கழுதைகளை ஓட்டத் தேவையே இருக்கவில்லை. தாமாக ஏறி வந்து பொதி இறக்கும் இடத்தில் நிற்கும். வழியில் ஒரு கழுதை நின்றுவிட்டால் அடிக்கக் கூடாது. பயந்தால் ஓடாமல் நின்று நிதானிப்பது அதன் இயல்பு. அப்படி ஒருமுறை நின்ற இடத்தில் பாதையோரம் மண் சரிந்திருந்தது.

குறைகளும் உண்டு. 12 மீட்டர் கம்பியைக் கழுதைமேல் கொண்டுபோக முடியாது. வெட்டிக் கொண்டுபோனால் இணைக்கும் இடங்களில் கூடுதல் கம்பி செலவாகும். நாங்கள் ஆள் வைத்துத் தோளில்தான் தூக்கினோம். தண்ணீர்த் தொட்டியும் அப்படியே. செங்கல்லை வைக்கோல் வைத்து அடுக்காவிட்டால் விளிம்பு உடைகிறது. பெரியவரிடம் அச்சடித்த ரசீது கிடையாது, கணக்கு கேட்பவர்கள் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

சாலை வந்துவிட்டால் இவை எதற்கு என்று கேட்கிறார்கள். வரட்டும், பிரசவ வலியோடு தூளியில் இறங்கும் பெண்களுக்காகவாவது சாலை உடனே வர வேண்டும். ஆனால் அது வரும்வரை மலையைத் தாங்குவது யார்? 2021 சட்டமன்றத் தேர்தலில் பென்னாகரம் தொகுதியில் உள்ள கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் போனதும் கழுதைமேல்தான். 2012 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 3.2 லட்சமாக இருந்த கழுதைகள் 2019இல் 1.2 லட்சமாகிவிட்டன. ஒன்று இறந்தால் ஈடாக இன்னொன்று வாங்க ஆந்திரம் வரை அலைய வேண்டியிருக்கிறது என்கிறார் பெரியவர். கால்நடைக் கடன், காப்பீடு என்று பேசும்போது பசுவோடும் ஆட்டோடும் கழுதையையும் மறக்கக் கூடாது.

கூலி நடைக் கணக்கில்தான், பேரம் பேசாதீர்கள். தீவனத்துக்கு முன்பணம் கொடுங்கள். தேர்தல் நேரத்திலும் திருவிழாக் காலத்திலும் கிடைக்க மாட்டார், அதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.