தம்பு செட்டித் தெரு கிளியரிங் அலுவலகம்: ஆசியான் சலுகையில் சரக்கு இறக்குபவர்கள் கவனத்துக்கு

சென்னை கொத்தவால் சாவடியில் எங்களுக்கு மசாலாப் பொருள் மொத்த வியாபாரம். அன்னாசிப்பூவும் பட்டையும் வியட்நாமிலிருந்து நேரடியாக இறக்குகிறோம். அதற்குப் பாரிமுனை தம்பு செட்டித் தெருவில் உள்ள ஒரு கிளியரிங் ஏஜெண்ட், அதாவது சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தருபவர், அலுவலகத்திடம்தான் இப்போது முழுப் பொறுப்பையும் கொடுத்திருக்கிறோம். கையில் இருக்கிற வேலையே போதும், விளம்பரம் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டதால் பெயர் போடவில்லை. ஆனால் ஒரு நல்ல ஏஜெண்டிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பது புதிதாக இறக்குமதிக்கு வருபவர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் சலுகை விஷயம். இந்தியாவுக்கும் ஆசியான் என்கிற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்புக்கும் இடையிலான சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் பாங்காக்கில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வியட்நாம், இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து என்று அந்தப் பக்கத்திலிருந்து வரும் பல பொருள்களுக்கு வரி குறைவு, சிலவற்றுக்கு வரியே இல்லை. அந்த நாட்டு அரசு அதிகாரி கொடுக்கும் ஏஐ படிவம், அதாவது பிறப்பிடச் சான்று, கையில் இருந்தால் சலுகை கேட்கலாம். 2020 வரைக்கும் பெரும்பாலான ஏஜெண்டுகள் அந்தக் காகிதத்தை வாங்கி, சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிப் படிவத்தோடு சேர்த்துவிட்டு அதோடு வேலை முடிந்தது என்று இருந்தார்கள். மூன்றாம் நாட்டுச் சரக்கு ஆசியான் பெயரில் உள்ளே வருகிறது என்ற புகார் வலுத்த பிறகு, 2020 செப்டம்பர் 21 முதல் கரோட்டார் (CAROTAR) என்கிற பிறப்பிடச் சோதனை விதிகள் வந்தன. இப்போது சரக்கு எங்கே, எப்படி உருவானது என்ற தகவல் இறக்குமதியாளரிடமே இருக்க வேண்டும். சுங்க அதிகாரி கேட்டால் 10 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆவணங்களை 5 வருஷம் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். இவ்வளவு மாறிய பிறகும் "சர்டிபிகேட் இருக்கா, போதும் சார், நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்கிற ஏஜெண்டுகள் இன்னும் இருக்கிறார்கள், நாங்கள் முன்பு வேலை கொடுத்தவரும் அப்படித்தான். அதிகாரி கேள்வி கேட்டபோது அவரிடம் பதில் இல்லை, கண்டெய்னர் பெட்டி சி.எஃப்.எஸ். என்கிற சரக்குக் கிடங்கில் கிடந்து டிமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறியது.

இந்த அலுவலகத்தில் சரக்கு கப்பல் ஏறும் முன்பே கேள்வி ஆரம்பித்துவிடும். கோப்புகளைப் பார்க்கிற அம்மா முதல் நாளே கேட்டார்: "தம்பி, இந்த அன்னாசிப்பூ எந்த மாகாணத்துல விளைஞ்சது? சப்ளையர் சொந்தமா விளைவிக்கிறாரா, விவசாயிங்ககிட்ட வாங்குறாரா?" லாங் சன் என்றேன். "அது சீன எல்லையாச்சே, எல்லைக்கு அந்தப் பக்கம் குவாங்ஸியிலும் இதே பூதான். வாங்கின ரசீது வேணும், எழுதி வாங்குங்க" என்றார். இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். அன்னாசிப்பூ முழுக்க வியட்நாமிலேயே விளைந்தது என்று காட்டினால்தான் சலுகை. எல்லை தாண்டி வந்த பூவை லாங் சன்னில் சுத்தம் பண்ணி மூட்டை கட்டினால் அது வியட்நாம் பூ ஆகிவிடாது. முழுக்க அந்த நாட்டிலேயே உருவாகாத பொருளுக்கு வேறு கணக்கு: மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளிலிருந்து வந்திருக்க வேண்டும், அதோடு ஆறு இலக்க சுங்கக் குறியீடும் மாறியிருக்க வேண்டும். இதையெல்லாம் அந்த அம்மா எனக்கு ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார், இன்னும் கடையில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு முறை சப்ளையர் அனுப்பிய ஏஐ படிவ நகலில் குறியீடு 0909.62 என்று இருந்தது. அது இடித்த, பொடித்த சரக்குக்கானது, எங்களுடையது முழுப் பூ, 0909.61. ஒரே ஒரு இலக்கம்தான். இன்வாய்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்து அவர்கள் பிடித்துவிட்டார்கள், கப்பல் வியட்நாமின் ஹைபோங் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே திருத்திய படிவம் வந்துவிட்டது. இங்கே வந்த பிறகு தெரிந்திருந்தால் எத்தனை நாள் இழுத்திருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெட்டி எந்தத் துறைமுகத்தில் மாற்றப்படுகிறது என்றும் விடாமல் கேட்பார்கள். சிங்கப்பூர், போர்ட் கிளாங் என்றால் ஆசியானுக்குள்ளேயே இருக்கிறது. கொழும்பில் மாற்றி ஏற்றினால் முழு வழிக்குமான பி.எல்., அதாவது கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது, வேண்டும், அங்கே இறக்கி ஏற்றியதைத் தவிர சரக்கில் கை வைக்கவில்லை என்பதும் தெரிய வேண்டும்.

இன்னொன்று, வேலை வந்தால் போதும் என்று எதற்கும் தலையாட்டுகிறவர்கள் இல்லை. வியட்நாம் மிளகும் இறக்கலாமா என்று கேட்டேன். அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆசியான் சலுகையிலும் மிளகுக்கு வரி 70-லிருந்து 50 சதவீதத்துக்குத்தான் இறங்கியிருக்கிறது, அதற்கு மேல் கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் கீழே விலை உள்ள மிளகை இறக்கவே தடை. இந்தியா-இலங்கை வர்த்தக ஒப்பந்தத்தில் இலங்கை மிளகு வரியில்லாமல் வருவது வருஷத்துக்கு 2,500 டன் வரைக்கும்தான், அதற்குப் போட்டி தனி. "வேண்டாம் சார், இருக்கிறதை ஒழுங்கா பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நம் ஊர் மிளகு விவசாயியைக் காப்பாற்றத்தான் அந்த வேலி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

குறைகளும் உண்டு. கட்டணம் மற்றவர்களைவிடக் கூடுதல், பேரம் பேச முடியாது. மதியத்துக்கு மேல் போனை எடுக்கவே மாட்டார்கள், எல்லோரும் கஸ்டம்ஸ் ஹவுஸில் இருப்பார்கள், வாட்ஸாப்பில் போட்டால் ராத்திரி பதில் வரும். பில்லில் "இதர செலவு" என்று ஒரு வரி இருந்தது, விவரம் கேட்டதும் பிரித்துக் கொடுத்தார்கள், ஆனால் கேட்காமலே கொடுத்திருக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் தாவரத் தடுப்புப் பரிசோதனை, உணவுப் பாதுகாப்பு அனுமதி இரண்டும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், அதில் சிக்கல் வந்ததில்லை.

ஆசியான் ஒப்பந்தத்தை மாற்றி எழுதப் பேச்சு நடக்கிறது. 2025-க்குள் முடிப்பது என்று இலக்கு வைத்திருந்தார்கள். பிறப்பிட விதிகள் பொருளுக்குப் பொருள் வேறாகலாம் என்கிறார்கள். அப்படி ஆனால் சின்ன வியாபாரிக்கு இந்த மாதிரி அலுவலகம் இன்னும் அவசியம். நீங்கள் ஏஜெண்ட் தேடிக்கொண்டிருந்தால் கட்டணத்தைப் பிறகு கேளுங்கள். கரோட்டாரின் முதல் படிவத்தை (Form I) யார் நிரப்புவார்கள், சப்ளையரிடம் என்னென்ன வாங்கித் தரச் சொல்வார்கள் என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் இழுத்தால் அடுத்த படியேறிவிடுங்கள், தம்பு செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை.